மாத்திரை போட்டால் மாதவிடாய் வரும், முட்டை வருமா? பிசிஓஎஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 28. கல்யாணமாகி இரண்டரை வருடம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கையில் ஒரு தடித்த ஃபைல், அதில் இருந்த ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரிதான்: இரண்டு சினைப்பையிலும் பிசிஓடி. பிசிஓஎஸ் என்பதும் இதுதான், சினைப்பையில் சிறு முட்டைப் பைகள் நிறைந்து, முட்டை சரியாக வெளிவராத ஹார்மோன் கோளாறு. இவர் என்னிடம் கேட்டதும் ஒரே கேள்விதான். “மாத்திரை போட்டா பீரியட்ஸ் கரெக்டா வந்துருதுங்க டாக்டர், அப்புறம் ஏனுங்க கரு நிக்க மாட்டேங்குது?”

ரொம்ப நல்ல கேள்வி. இத்தனை வருடம் இவருக்கு வைத்தியம் பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முன்கதை

12 வயதில் பூப்பெய்தியவர். முதல் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே வந்தது, அது எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். ஆனால் கல்லூரிக்குப் போன பிறகும் 45 நாள், 60 நாள், சில சமயம் மூன்று மாதம் என்று தள்ளிப்போனது. 17 வயதில் ஒரு ஸ்கேன் எடுத்து, “நீர்க்கட்டி இருக்கு, கல்யாணத்தைச் சீக்கிரம் முடிச்சிருங்க” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வயதில் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று சொல்லவே கூடாது. பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும்வரை, எந்தக் கோளாறும் இல்லாத பெண்ணின் சினைப்பையிலும் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறையத் தெரியும் என்பதால், பன்னாட்டு வழிகாட்டுதலே அதுவரை ஸ்கேனைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறது. இவர் விஷயத்தில் அந்தக் கணிப்பு பிறகு சரியாகவே போய்விட்டது, அது வேறு. ஆனால் குழந்தை பிறக்காது என்ற பயம் அன்றைக்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா வேண்டாமா என்று அம்மாவும் பெரியம்மாவும் தனியே பேசிக்கொண்டதை இவர் இன்னும் மறக்கவில்லை.

கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து “விசேஷம் ஏதாச்சும் உண்டா?” ஆரம்பம். ஆறாவது மாதத்தில் முதல் டாக்டர், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. எல்லா இடத்திலும் ஒரே வைத்தியம்: நாள் தள்ளிப்போனால் மாதவிடாய் வரவைக்கும் மாத்திரை, கூடவே சத்து மாத்திரை, கடைசியில் “எடையைக் குறைச்சிட்டு வாங்கம்மா”. எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் சினைப்பையில் லேப்ராஸ்கோப்பி மூலம் துளை போடலாம் என்றும், இன்னொரு இடத்தில் நேரடியாக ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என்றும் தொகையோடு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டு வைத்தியத்துக்கும் குறையில்லை. கழற்சிக்காய்ப் பொடி, மாதவிடாய் நாட்களில் மலைவேம்புச் சாறு, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தாராளமாக ஊற்றிய உளுந்தங்களி, சஷ்டி விரதம், திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய். நெய்ப் பிரசாதத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை, அந்த அளவு நெய்யால் யாருக்கும் எடை கூடாது, மனசுக்கும் ஒரு பிடி. உளுந்தங்களியைத்தான் யோசிக்கச் சொன்னேன். தினமும் ஒரு கிண்ணம், மாமியார் அன்போடு கிண்டிக் கொடுத்தது. மறுக்க முடியாமல் சாப்பிட்டுச் சாப்பிட்டே இவருக்கு எடை ஏறியிருக்கிறது.

இரத்தப்போக்கு வேறு, முட்டை வேறு

இந்த ஆய்வில் முக்கியமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தானாக நடக்கும் சுழற்சியில், சினைப்பையில் ஒரு முட்டைப் பை மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு 18, 20 மி.மீ. வரை வளர்ந்து உடையும், முட்டை வெளியே வரும். காலியான அந்தப் பைதான் புரொஜெஸ்டிரான் சுரக்கும். கரு தங்கவில்லை என்றால் சுமார் இரண்டு வாரத்தில் அது ஓய்ந்துவிடும், ஹார்மோன் இறங்கும், கருப்பையின் உள்படலம் உதிரும். அதாவது, முட்டை வந்து போனதற்குப் பிறகு நடப்பது மாதவிடாய்.

இந்தப் பெண்ணுக்கு முட்டைப் பைகள் 5, 6 மி.மீ. அளவிலேயே கூட்டமாக நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று தெரிவது இவைதான். அறுத்து எடுக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே கிடையாது. எந்தப் பையும் உடையாததால் புரொஜெஸ்டிரான் இல்லை, ஈஸ்ட்ரோஜன் மட்டும் படலத்தைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறது. மாதவிடாய் வரவைக்கும் மாத்திரையில் இருப்பது புரொஜெஸ்டிரான் வகை ஹார்மோன். பத்து நாள் கொடுத்து நிறுத்தினால், தடித்த படலம் உதிர்ந்து இரத்தம் வரும். முட்டை என்ற ஆளே இந்தக் கதையில் இல்லை.

மாத்திரை தப்பு என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் படலம் உதிராமலே இருந்தால் அது அளவுக்கு மீறித் தடித்து, பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை போக வாய்ப்புண்டு. அதைத் தடுக்க இந்த மாத்திரை வேண்டும். ஆனால் அது படலத்துக்கான வைத்தியம். குழந்தைக்காக வந்தவருக்கு அதை மட்டும் இரண்டு வருடம் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? இரத்தம் வரும், அவ்வளவுதான்.

இதைவிடக் கொடுமை, அந்த இரத்தப்போக்கு வந்த நாளை ஃபோனில் ஒரு செயலியில் பதிந்து, அது 14-ஆம் நாளைச் சுற்றிக் காட்டிய “கருத்தரிக்கும் நாட்களை” நம்பி, கணவரும் மனைவியும் கால அட்டவணை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அந்தச் செயலிக்குத் தெரிந்ததெல்லாம் 28 நாள் கணக்கு. முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் உயரும் எல்ஹெச் ஹார்மோனைக் காட்டும் பரிசோதனைப் பட்டைகளும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பார்த்திருக்கிறார். எந்த நாள் பார்த்தாலும் இரண்டு கோடு, அதாவது முட்டை வரப்போகிறது என்ற பதில். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு எல்ஹெச் எப்போதுமே உயர்ந்து இருக்கும் என்பதால், அந்தப் பட்டை அவர்களுக்குச் சரியான வழிகாட்டி இல்லை. “அன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான்னு சண்டையே வருங்க” என்றார். குறித்த நாளில் கணவருக்கு நைட் ஷிஃப்ட் என்றால் அந்த மாதம் முழுக்க வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

பரிசோதனையில் தெரிந்தது

உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ அளவு 29-ஐத் தாண்டியது. இந்தியர்களுக்கு 25-லேயே உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறோம். இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ., பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கருத்துத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தார், அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தாடையில் முடி. வாரம் ஒருமுறை திரெடிங் செய்வதால் யாருக்கும் தெரிவதில்லை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஸ்கேனில் இரண்டு சினைப்பையும் 10 மி.லி.க்கு மேல், இருபதுக்கும் அதிகமான சிறு பைகள். 2003-ல் ரோட்டர்டாமில் வகுத்த அளவுகோல்படி மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ்: முட்டை சரியாக வெளிவராதது, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம். இவருக்கு மூன்றுமே இருந்தன. இதே போன்ற தொந்தரவைத் தரும் தைராய்டு, புரோலாக்டின், அட்ரீனல் கோளாறுகள் இல்லை என்பதையும் இரத்தத்தில் பார்த்துக்கொண்டோம். முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ஹார்மோன் 8.9. “இவ்வளவு அதிகமா, சீக்கிரம் முட்டை தீர்ந்துருமாங்க?” என்று பயந்தார். நேர்மாறு, கையிருப்பு நிறைய என்பதைத்தான் அது காட்டுகிறது, வெளியே வரத்தான் வழி தெரியவில்லை.

ஃபைலில் இல்லாத ஒரு சோதனையைத்தான் நான் முதலில் எழுதினேன், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. அதுவரை பார்த்ததெல்லாம் வெறும் வயிற்றுச் சர்க்கரை, அது எப்போதும் நார்மல், இப்போதும் 98 தான். இரண்டு மணி நேரச் சர்க்கரை 156. 140-க்குக் கீழே இருக்க வேண்டியது. நீரிழிவு இல்லை, அதற்கு முந்தைய படி. அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை இருக்கிற வீடு. பிசிஓஎஸ் இருந்தால் ஒல்லியாக இருந்தாலும் இந்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும், முட்டைப் பை வளராமல் நிற்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிகுந்த அந்த இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது, முட்டைப் பையின் வளர்ச்சி நடுவழியில் நின்றுபோகிறது. முகத்தில் முடி, கழுத்தில் கருமை, நாள் தள்ளிப்போவது எல்லாம் இந்த ஒரே வேரிலிருந்து வருபவை.

கணவரின் முறை

ஃபைலில் இல்லாத இன்னொன்று, கணவரின் விந்துப் பரிசோதனை. இரண்டரை வருடத்தில் இந்தப் பெண்ணிடம் எத்தனை முறை இரத்தம் எடுத்திருப்பார்கள், எத்தனை ஸ்கேன்! கணவரிடம் ஒரு சாம்பிள் கேட்கவில்லை. “குறை என்கிட்டதான்னு தெரிஞ்சு போச்சே, அவரை எதுக்குங்க தொந்தரவு பண்ணிக்கிட்டு” என்று இவரே சொன்னார். மாமியார் இன்னும் ஒரு படி மேலே: “என் பையனுக்கு எதுக்கு டெஸ்ட்டு?”

மனைவிக்கு பிசிஓஎஸ் என்று தெரிந்தாலும் கணவரைப் பரிசோதிக்காமல் முட்டை வளர மருந்து தொடங்குவதில்லை என்பது என் வழக்கம், இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. கணவரைத் தனியே உட்காரவைத்துப் பேசினேன். ஆள் மோசமில்லை, பயம்தான். சாயப்பட்டறையில் சூப்பர்வைசர், வாயில் எந்நேரமும் புகையிலை. அணுக்கள் மி.லி.க்கு 19 மில்லியன், இயங்கும் அணுக்கள் 38 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கீழ்வரம்பு 16 மில்லியன், 42 சதவீதம். ஆக எண்ணிக்கை பரவாயில்லை, இயக்கம் கொஞ்சம் குறைவு. புது அணு உருவாகி வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், புகையிலையை விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். விட்டார், முழுசாக அல்ல. இரண்டாவது ரிப்போர்ட்டில் இயக்கம் 46. அந்தக் காகிதத்தை விட, “ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சரி பண்ணணுமாம்” என்று அவர் தன் அம்மாவிடம் சொன்ன ஒரு வாக்கியம் இந்தப் பெண்ணுக்குப் பெரிய மருந்தாக இருந்தது.

ஏனென்றால் மனநிலை அப்படி. ஓரகத்தியின் வளைகாப்பில் வளையல் போடக் கூப்பிடாமல், சமையல்கட்டில் கலவைச் சாதம் கிளற விட்டிருக்கிறார்கள். தூக்கம் சரியில்லை, காரணமில்லாமல் அழுகை, அலுவலகத்தில் யாராவது இனிப்பு நீட்டினாலே என்ன செய்தியோ என்று நெஞ்சு படபடப்பு. பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம், எல்லோரிடமும் கேட்டே ஆக வேண்டும் என்பது வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். “பைத்தியம்னு நினைச்சுருவாங்களோ” என்று தயங்கித்தான் போனார். அப்புறம் தானாகவே தொடர்ந்தார்.

செய்தது என்ன

வயது 28 என்பதால் நான்கு மாதம் எடுத்துக்கொள்ள முடிந்தது. 36 வயது என்றால் இப்படிக் காத்திருக்க மாட்டேன். பழைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்கும். 71 கிலோவுக்கு அது நாலு கிலோவிலிருந்து ஏழு கிலோதான். “ஐம்பத்தஞ்சுக்கு வரணும்னு சொன்னாங்களே” என்று ஆச்சரியப்பட்டார். எட்ட முடியாத ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பினால் அவர் திரும்பி வரவே மாட்டார்.

சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மதியம் ஒரு கப் சோறு, அதே அளவுக்குப் பொரியல், தினம் ஒரு முட்டை அல்லது சுண்டல். கம்பெனியில் இரண்டு வேளை வரும் சர்க்கரை போட்ட டீயும் அதோடு வரும் பஜ்ஜியும்தான் பெரிய எதிரி. டீயைச் சர்க்கரை இல்லாமல் ஆக்கினார், பஜ்ஜியை முழுசாக விட முடியவில்லை, சனிக்கிழமைச் சம்பள நாளுக்கு மட்டும் என்று ஆனது. இரவு மொட்டைமாடியில் நடை. மாமியாரும் கூட நடந்தார், அவருக்கும் முட்டிவலி. இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை 500 மி.கி.யில் தொடங்கி 1000 ஆக்கினோம். ஏற்றியதும் வயிற்றுப்போக்கு, சொல்லாமல் ஒரு வாரம் நிறுத்திவிட்டார். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்ட பிறகு சரியானது. ஃபோலிக் ஆசிட் தொடங்கினோம், 10.4 ஆக இருந்த ஹீமோகுளோபினுக்கு இரும்புச் சத்தும்.

நான்கு மாதத்தில் 67 கிலோ. அதைவிட முக்கியம், மாத்திரை இல்லாமல் 41 நாளில் ஒருமுறை, 38 நாளில் ஒருமுறை மாதவிடாய் வந்தது. இரண்டாவது முறை, நாள் வரும் என்று எதிர்பார்த்ததற்கு ஒரு வாரம் முன்பு புரொஜெஸ்டிரான் பார்த்தோம், முட்டை வெளிவந்ததற்கான அளவு இருந்தது. அந்த ரிப்போர்ட்டைத்தான் முதன்முதலாக ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்து, முட்டை வளர லெட்ரோசோல். இந்த மாத்திரைக்கு இந்தியாவில் ஒரு கதை இருக்கிறது. அடிப்படையில் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. குழந்தையின்மைக்கு இதைப் பயன்படுத்த 2011-ல் மத்திய அரசு தடை போட்டது. 2014-ல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம். 2017-ல் இங்கே தடை நீங்கியது. இன்று பிசிஓஎஸ்-ல் முட்டை வளர முதலில் கொடுப்பது இதுதான். ஆனாலும் மெடிக்கல் ஷாப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு “இது கேன்சர் மாத்திரையாச்சேக்கா” என்று சொல்ல, இவர் பயந்து போட்டதைத் துப்பாத குறையாக எனக்கு ஃபோன் செய்தார். ஐந்து நாள்தான் போடுகிறோம், கரு உருவாகும் நேரத்துக்குள் பெரும்பகுதி உடலை விட்டுப் போயிருக்கும் என்று விளக்கிய பிறகுதான் தொடர்ந்தார். இதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுவது நல்லது.

முதல் சுழற்சியில் 2.5 மி.கி. 14-ஆம் நாள்வரை எந்தப் பையும் 10 மி.மீ.யைத் தாண்டவில்லை. அடுத்ததில் 5 மி.கி., 13-ஆம் நாள் வலது சினைப்பையில் 19 மி.மீ. பை, இரண்டு நாள் கழித்து அது உடைந்திருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் கரு தங்கவில்லை. இவர் உடைந்துபோனார். எந்தக் குறையும் இல்லாத தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான் என்பதை முன்பே சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில் அதெல்லாம் காதில் ஏறாது.

கருக்குழாய்ச் சோதனை ஏன் செய்யவில்லை என்று சக டாக்டர்கள் கேட்கலாம். காசநோயோ, வயிற்று அறுவையோ, அடிவயிற்றுத் தொற்றோ இருந்ததில்லை, முட்டையே வராத பெண்ணுக்கு இரண்டரை வருடத்தைக் குழாயின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று முறை முட்டை வந்தும் தங்காவிட்டால் செய்வது என்று முடிவு. தேவைப்படவில்லை. அதே 5 மி.கி.யில் மூன்றாவது முறை முட்டை வெளிவந்த சுழற்சியில் நாள் தள்ளிப்போனது. சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு, ஏழாவது வாரத்தில் இதயத்துடிப்பு.

கர்ப்பத்தில்

பிசிஓஎஸ் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் வாய்ப்பு கூடுதல். தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பார்க்கும் எளிய முறை. இவருக்கு முதல் சோதனையில் 132, 25-ஆவது வாரத்தில் 158. சாப்பாட்டைச் சீராக்கியதிலேயே கட்டுக்குள் வந்தது. ஏற்கெனவே பழகிய சாப்பாடு என்பதால் சிரமப்படவில்லை, மசக்கை நாட்களில் மாங்காய்க்கும் ஊறுகாய்க்கும் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். இரத்த அழுத்தம் ஏறவில்லை. 38 வாரம் முடிந்து சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.9 கிலோ.

அதற்குப் பிறகு

பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் சோதனை, 138. நூலிழையில் நார்மல். வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும், பிசிஓஎஸ்-க்கும் சர்க்கரைக்குமான உறவு குழந்தை பிறந்ததும் முடிந்துபோவதில்லை.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது வந்தார்கள். கருத்தடை பற்றிக் கேட்டேன், இருவரும் சிரித்தார்கள். “எங்களுக்கு எதுக்குங்க டாக்டர், மருந்து இல்லாம நிக்காதுல்ல?” இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முட்டை எப்போதாவது வரும் என்றால், எப்போது வரும் என்று தெரியாது என்று அர்த்தம். இவருக்கு மருந்து தொடங்கும் முன்பே ஒரு சுழற்சியில் தானாக முட்டை வந்ததை ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறோம். ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் உள்படலத்துக்கும் பாதுகாப்பு என்று சொன்னேன். விலையை யோசித்துவிட்டு, அரசு மருத்துவமனையில் காப்பர்-டி வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது கணவர் கேட்டார், பாப்பாவுக்கும் இது வருமா என்று. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், கட்டாயம் வரும் என்று இல்லை. இப்போது செய்ய வேண்டிய சோதனை எதுவும் கிடையாது. வயசுக்கு வந்து மூன்று வருடம் ஆன பிறகும் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் கூட்டி வாருங்கள், அதுவரை யார் சொன்னாலும் ஸ்கேன் எடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.